செக் லைட்டும் கரும்புகையும்: பழைய டீசல் வேனில் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிப்பது எப்படி?

தம்பி, நீங்கள் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். 2017 மாடல் டீசல் வேன், பிஎஸ்4 புகைத் தரம், ஓட்டம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். விடியக்காலை உசிலம்பட்டியில் பூ மூட்டை ஏற்றி மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வருகிறீர்கள், இடையில் தேனிப் பக்கம் வாடகை. செக் லைட் எரிகிறது, ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது பிக்கப் இல்லை, பின்னால் கரும்புகை, லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்போது 10 தான் கொடுக்கிறது. ஸ்கேனர் போட்டதில் பி0135 என்ற கோளாறுக் குறியீடு, பட்டறையில் சொல்கிற ‘கோடு’, வந்திருக்கிறது. சைலன்சர் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, புதுசு 14,000 ரூபாய் என்கிறார்கள். பழைய வண்டியில் கழற்றியது 3,500க்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு கோளாறு இல்லை, இரண்டு. செக் லைட் ஒன்று, கரும்புகையும் பிக்கப்பும் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு 14,000 செலவு செய்தால் லைட் அணையலாம், புகை அப்படியே இருக்கும். லைட்டே அணையாமலும் போகலாம்.

ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் செய்கிற வேலை வேறு, டீசலில் செய்கிற வேலை வேறு. நம்மூரில் பல மெக்கானிக்குகள் பெட்ரோல் கணக்கை அப்படியே டீசலுக்கும் போட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் இன்ஜின் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் ஓட வேண்டும், அதை நொடிக்கு நொடி சரிபார்த்துச் சொல்வதே அந்த சென்சார்தான். அது போனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், புகையும், எல்லாம் உண்மை. டீசலில் அப்படி இல்லை. டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டுதான் ஓடும். ஐட்லிங்கில் ஒரு பங்கு டீசலுக்கு ஐம்பது அறுபது பங்கு காற்றுக்கு மேலேயே போகும், முழு லோடில் மேடு ஏறும்போது மட்டும் இருபதுக்குப் பக்கத்தில் இறங்கும். எவ்வளவு டீசல் அடிக்க வேண்டும் என்பதை ஆக்சிலரேட்டர், காற்று அளவு காட்டும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், டர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தமான பூஸ்ட் பிரஷர் இவற்றை வைத்தே வண்டியின் கம்ப்யூட்டரான இசியு முடிவு செய்கிறது. ஆக்சிஜன் சென்சார் அதற்கு மேல் ஒரு சரிபார்ப்பு: புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற இஜிஆர் வால்வை எவ்வளவு திறக்கலாம், புகை வராமல் எந்த எல்லை வரை டீசல் கொடுக்கலாம், இன்ஜெக்டர் தேய்ந்து கணக்கு மாறியிருக்கிறதா என்பதை நுணுக்கமாகத் திருத்திக்கொள்ள. அது செத்துவிட்டால் இசியு பழைய கணக்கில் ஓட்டும், லைட் போடும், சில வண்டிகளில் பவரைக் கொஞ்சம் குறைக்கும். கணவாய் ஏறும்போது பின்னால் வருகிறவன் கண்ணை மறைக்கிற அளவுக்குக் கரும்புகை அதனால் மட்டும் வராது.

இன்னொன்று, உங்கள் வண்டியில் அந்த சென்சார் இருக்கிறதா என்பதையே முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். பிஎஸ்3 வரைக்குமான டீசல் வேன்களில் பொதுவாக இது கிடையாது. பிஎஸ்4 வண்டிகளில் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. டர்போவுக்கு அடுத்து சைலன்சர் பைப்பில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாலோ ஒட்டியோ, 22 மில்லி ஸ்பேனர் பிடிக்கிற தலையோடு கட்டைவிரல் பருமனில் திருகி வைத்திருப்பார்கள். அதில் இருந்து ஐந்து வயர் கிளம்பி ஆறு பின் உள்ள கனெக்டருக்குப் போனால் அதுதான். இரண்டே வயர் என்றால் அது புகையின் சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் சென்சார். பைப்பில் இருந்து இரண்டு ஹோஸ் கிளம்பி ஒரு கருப்பு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போனால் அது பிரஷர் சென்சார். இதையெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லி வேறு பாகத்தைத் தலையில் கட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

உங்களுக்கு பி0135 வந்திருப்பதால் சென்சார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கோடு என்ன சொல்கிறது? முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்கிறது, அவ்வளவுதான். சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ரிலே, அங்கிருந்து வருகிற வயர், கனெக்டர், சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர், திரும்பி இசியு போகிற வயர், கடைசியில் இசியு. இத்தனையில் எது அறுந்தாலும் இதே கோடுதான். இந்த சென்சார் வேலை செய்ய அதன் உள்பாகம் 700, 800 டிகிரிக்குச் சூடாக வேண்டும். டீசல் புகையின் சூடு அதற்குப் பற்றாது, அதனால்தான் உள்ளேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பைப்பில் விடியக்காலை நீர் கோத்திருக்கும்போது சட்டென்று சூடாக்கினால் உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விட்டுவிடும் என்பதற்காக, பைப் கொஞ்சம் காய்ந்த பிறகே இசியு முழுச் சூட்டைக் கொடுக்கும். ஆகவே கிளம்பிச் சில நிமிடம் கழித்து லைட் எரிகிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

சோதனையை இங்கிருந்து தொடங்குங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து அந்த ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது போதாது. பல வண்டிகளில் ஹீட்டர் ஃபியூஸில் இஜிஆர் போன்ற வேறு பாகங்களும் சேர்ந்தே இருக்கும். அது போயிருந்தால் லைட், பிக்கப் இரண்டுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிடும். அப்படி அமைந்தால் நல்லது, ஆனால் ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசு போட்டு ஓட்டாதீர்கள், பெரிய ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் போட்டுவிடவே கூடாது.

அடுத்து வயர். வண்டியை நன்றாக ஆறவிட்டு, ஜாக்கி போட்டால் கூடவே ஸ்டாண்டும் கொடுத்து, சென்சாரில் இருந்து கனெக்டர் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போங்கள். கிளிப் உடைந்து வயர் சைலன்சர் மேல் சாய்ந்து உருகியிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு. அடுத்தது எலி. பூ, காய்கறி, தானியம் ஏற்றுகிற வண்டியில் எலி இல்லாமல் இருக்காது, வயலோரம் நிறுத்துகிறவர்களுக்கு இன்னும் அதிகம். மேலூர்ப் பக்கத்து வேன் ஒன்றில் சென்சார் இரண்டு முறை மாற்றியும் லைட் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் பார்த்தால் சைலன்சர் பிராக்கெட் மேல் ஹீட்டர் வயர் உரசி, குலுங்கும்போது மட்டும் எர்த் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு சென்சாரும் நல்ல சென்சார்.

கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, பின் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை இந்த இடத்தில் பிடித்துவிட்டால் தண்ணீர் ஏறிவிடும். துடைத்துக் காய வைத்தாலே போதும், கிரீஸோ எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். சில ரக சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை வயர் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. அதை அடைத்தால் அளவு தப்பும். வயரை வெட்டி சால்டர் வைத்து ஒட்டுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

இப்போது மீட்டர் வேலை. சென்சார் பக்கத்துக் கனெக்டரில் ஹீட்டரின் இரண்டு வயருக்கு நடுவே ஓம் பாருங்கள். பாஷ் தயாரிப்பாக இருந்தால் சென்சார் பக்கத்தில் சாம்பல் நிறமும் வெள்ளையும் ஹீட்டர். சிவப்பு, மஞ்சள், கருப்பு மற்ற வேலைக்கானவை. வண்டிப் பக்கத்து வயரில் நிறம் மாறும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 3 ஓம் காட்ட வேண்டும், நம் வெயிலில் வண்டி நின்றிருந்தால் கொஞ்சம் கூடும். மீட்டர் வயர் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் வருகிற அரை ஓமை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சார் மாற்றியே ஆக வேண்டும், அதில் பேச்சு இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினால் உள்ளே ஷார்ட், ஃபியூஸ் போவதற்கும் அதுவே காரணம். சிவப்பு, மஞ்சள், கருப்பு வயர்களில் ஓம் மீட்டர் வைக்கவே வைக்காதீர்கள். மீட்டர் அனுப்புகிற கரன்ட்டே உள்ளே இருக்கும் செல்லைக் கெடுத்துவிடக்கூடும். பெட்ரோல் வண்டி மாதிரி 0.1, 0.9 வோல்ட் என்று ஏறி இறங்குகிறதா என்று இதில் பார்ப்பதும் வீண். அது குறுகிய அளவு காட்டும் சென்சாருக்கான சோதனை, டீசலில் இருப்பது அகன்ற அளவு காட்டும் வேறு ரகம்.

சென்சார் பக்கம் ஓம் சரியாக இருந்தால் வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் சாவி போட்டு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அந்த ரிலே பிடிக்கும், அதனால் ஸ்டார்ட் செய்தும் ஒருமுறை பாருங்கள். இங்கே மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், லோடு கொடுத்தால் படுத்துவிடும். இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து ஒரு முனையை அந்த சப்ளை வயரிலும் மறுமுனையை பாடி எர்த்திலும் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் சப்ளை நல்லது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது. இசியுவுக்குத் திரும்பிப் போகிற வயரில் பல்பு விளையாட்டு வேண்டாம், அங்கே வண்டியின் சர்க்யூட் படம் வைத்திருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

இவ்வளவையும் ஒரு மத்தியான நேரத்தில் முடித்துவிடலாம். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் பதில் இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

வயர், ஃபியூஸ், ஹீட்டர் எல்லாம் சரி, அல்லது கோடு பி0135 இல்லாமல் பி0133 மாதிரி மெதுவாக வேலை செய்கிறது என்ற ரகமாக இருந்தால், ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உங்கள் கணவாயைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்க்க வசதி உள்ள ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம். முதலில் அந்தக் குறியீட்டையும் அது விழுந்த நேரத்தில் பதிவான ஆர்பிஎம், இன்ஜின் சூடு ஆகியவற்றையும் போட்டோ எடுத்துவிட்டு, பிறகு குறியீட்டை அழியுங்கள். அழிக்காமல் பார்த்தால் இசியு உண்மையான அளவைக் காட்டாமல் தானே வைத்துக்கொண்ட ஒரு பொய் அளவைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

உசிலம்பட்டிப் பக்கம் இருந்து லோடோடு ஏறும்போது ஆக்சிஜன் சதவீதம் இறங்க வேண்டும். ஐட்லிங்கில் பதின்மூன்று, பதினான்கில் இருந்து பதினெட்டு வரை எங்கோ இருப்பது, அழுத்தி ஏறும்போது ஐந்து ஆறு வரை கூட வரும். உச்சி தாண்டி ஆண்டிபட்டிப் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே, கிளட்சை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். இன்ஜின் சுற்றும், டீசல் அடிக்காது. அப்போது சைலன்சரில் வருவது வெறும் காற்று. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், ஆகவே சென்சாரும் இரண்டு மூன்று நொடிக்குள் இருபது, இருபத்தொன்று என்று வந்து நிற்க வேண்டும். இதைவிட நேர்மையான சோதனை ஒன்று இல்லை. என்ன காட்ட வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிகிற ஒரே சமயம் இதுதான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்ணில் நின்றால் சென்சாரோ அதன் வயரோ செத்திருக்கிறது. மெள்ள மெள்ள ஊர்ந்து இருபதுக்கு வந்தால் கரி மூடியிருக்கிறது. இறக்கத்தில் சரியாக வந்து, ஏற்றத்தில் மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிக ஆக்சிஜன் காட்டினால், சென்சாரை விட்டுவிட்டு அதற்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட், பைப் ஜாயின்ட், விரிசல் இவற்றைப் பாருங்கள். வெளிக்காற்று உள்ளே கலந்துகொண்டிருக்கலாம். ஏற்றத்தில் மிகவும் குறைவாக, மூன்றுக்குக் கீழே காட்டி, கூடவே புகையும் வந்தால்? அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். சென்சார் உண்மையைச் சொல்கிறது. காற்று போதவில்லை என்கிறது.

சரி, காற்று ஏன் போதவில்லை? கரும்புகை என்றால் உள்ளே போன காற்றுக்கு டீசல் அதிகம். உங்கள் வண்டிக்கு நான் பார்க்கச் சொல்கிற வரிசை இது. ஏர் ஃபில்டரை முதலில் வெளியே எடுங்கள். உசிலம்பட்டி செம்மண் புழுதிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு செல்லாது. அடுத்து டர்போவில் இருந்து காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போய் இன்ஜினுக்கு வருகிற ரப்பர் ஹோஸ்கள். விரிசல் விட்ட இடத்தில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டிக் கருப்பாக ஒரு கோடு தெரியும். அந்த ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், அடிப்பக்கம் கிழிந்திருக்கும், கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து உள்ளே விட்ட காற்றில் ஒரு பங்கு அங்கே வெளியே போய்விடுகிறது, இசியுவுக்கு அது தெரியாது, கணக்குப்படி டீசலைக் கொடுத்துவிடுகிறது. லோடு ஏறி பூஸ்ட் கூடும்போதுதான் கிழிசல் திறக்கும் என்பதால் சமதளத்தில் புகை தெரியாது, கணவாயில் தெரியும். நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு இதுதான் என் முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் இஜிஆர் வால்வு. திறந்த நிலையில் கரி பிடித்து மாட்டிக்கொண்டால் புகையே திரும்ப உள்ளே போய்க்கொண்டிருக்கும், நல்ல காற்றுக்கு இடம் இருக்காது. கழற்றினால் தெரிந்துவிடும். சந்தேகம் தீர ஒரே ஒரு ஓட்டத்துக்குத் தகடு வைத்து அடைத்துப் பார்க்கலாம், புகை நின்றால் வால்வைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். தகட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பொறுத்தவரை, அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பிக்கப் நன்றாக இருக்கிறது என்றால் அதன் மேல் சந்தேகம் வலுக்கிறது, அதற்கென்றே உள்ள கிளீனரால் சுத்தம் செய்து பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் புகை இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு, டர்போ, வேக்யூம் ஹோஸ், அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று போக வேண்டும், அது பட்டறையில் செய்கிற வேலை. மைலேஜுக்கு மட்டும் இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு ஓட்டம் முடிந்து இறங்கியதும் நான்கு சக்கரத்தின் டிரம், டிஸ்க் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

கரி மூடிய சென்சார் என்று முடிவானால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. புகைக்கான காரணத்தைச் சரிசெய்துவிட்டு, நான்குவழிச் சாலையில் லோடோடு அரை மணி, முக்கால் மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் ஹீட்டர் சூட்டிலும் புகைச் சூட்டிலும் கரி எரிந்துபோய் சில சென்சார்கள் மீண்டு வந்துவிடும். கம்பி பிரஷ், பெட்ரோல், ஆசிட் எதுவும் கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் அல்லது இன்ஜின் ஆயில் எரிந்து அதன் மேல் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் மீளாது. கேஸ்கெட்டுக்குப் பதிலாக வைக்கிற சிலிகான் பசையின் ஆவியும் இதற்கு விஷம். சைலன்சருக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரி நெகட்டிவையும் சென்சார் கனெக்டரையும் கழற்றிவிடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். ஹீட்டர் இல்லாமல் புகைக்குள் கிடக்கிற சென்சார் சீக்கிரம் கெட்டுவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதுசுதான், பாக நம்பர் பொருந்த வேண்டும். 3,500 ரூபாய் பழையது வேண்டாம். எவ்வளவு கரி குடித்தது, எங்கே தட்டுப்பட்டு விழுந்தது என்று தெரியாது, உள்ளே இருப்பது செராமிக். ஒவ்வொரு சென்சாருக்கும் தயாரிக்கும்போதே அளவு பார்த்து அதன் கனெக்டரிலேயே ஒரு ரெசிஸ்டர் வைக்கிறார்கள், அதனால் ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றின் கனெக்டரில் ஒட்டுகிற வேலையும் ஆகாது. பெட்ரோல் காருக்கான நான்கு வயர் சென்சாரை மாட்டிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பைப் இளஞ்சூடாக இருக்கும்போது, வயருக்கு வெட்டு உள்ள 22 மில்லி சாக்கெட்டால் கழற்ற வேண்டும். மரை போய்விட்டால் சென்சார் விலைக்கு மேல் லேத்துக்குச் செலவாகும். புதுசின் மரையில் ஏற்கெனவே பசை தடவியிருக்கும், அதன் முனையில் எதுவும் பட விடாதீர்கள்.

சென்சாரே வேண்டாம், புரோகிராமில் அதை அணைத்துவிடுகிறோம் என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். லைட் அணையும், கிழிந்த ஹோஸ் கிழிந்தபடியே இருக்கும், டீசல் வீணாகிக்கொண்டே இருக்கும். எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கும் புகைச் சான்றுக்கும் போகும்போது அங்கே பார்ப்பது சென்சாரை இல்லை. வண்டியை ரேஸ் செய்து புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள், பிஎஸ்4 டீசலுக்கு எல்லை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 65. புகை அப்படியே இருந்தால் லைட் அணைந்ததால் ஒரு பயனும் இல்லை. அந்தப் புகையை மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குகிறவர்கள் தினமும் விடியக்காலையில் மூச்சில் இழுக்கிறார்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஃபியூஸ், வயர், ஹீட்டர் ஓம், ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் இந்த ஐந்தை மட்டும் பாருங்கள், காசு அதிகம் ஆகாது. அப்புறம் கணவாய் ஓட்டத்தில் மூன்று எண்களைக் குறித்து எழுதுங்கள்: சூடான இன்ஜின் ஐட்லிங்கில், லோடோடு ஏறும்போது, கால் எடுத்து இறங்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு என்று. கூடவே ஏற்றத்தில் பூஸ்ட் பிரஷர் எவ்வளவு காட்டியது என்பதும் இருந்தால், அடுத்து எந்தப் பக்கம் கையை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.